ஊரைப் படங்களோடு எழுதுவது: வாசகர் கேள்வி – பதில்

திருச்சி வரலாற்றைப் படங்களோடு தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவர முயலும் வாசகர்கள் சிலர் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பள்ளிக் குழுக்கள், குடியிருப்போர் சங்கங்கள், தனியாக முயல்பவர்கள் எனப் பலர். கேள்விகளில் பாதி ஒன்றையே கேட்கின்றன: கையில் படம் இருக்கிறது, அதை என்ன செய்வது? இப்படிப்பட்ட புத்தகத்தில் படம் என்பது சான்று. எங்கே, எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, யாரிடம் இருக்கிறது என்ற நான்கும் தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரலாற்றுக்கு உதவாது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே வரும்.

கேள்வி: தாத்தாவின் ஆல்பத்தில் தெப்பக்குளம், மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், காவிரிப் படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. எதிலும் தேதி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, தில்லைநகர்)

ஒரே ஆண்டைச் சொல்ல முயலாதீர்கள். "இதற்கு முன்னால் இருக்க முடியாது", "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்று இரண்டு எல்லைகளைத் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டும் நெருங்கும்போது தேதி தானே அகப்படும்.

திருச்சிப் படங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுக்கணக்கில் அடித்தளத்தோடு மொட்டையாக நின்று, 1987-இல்தான் பதின்மூன்று நிலைகளோடு முடிந்தது. மொட்டைக் கோபுரம் தெரிந்தால் படம் அந்தத் திருப்பணிக்கு முந்தையது. சாரம் கட்டியிருந்தால் திருப்பணி நடந்த ஆண்டுகள். சத்திரம் பேருந்து நிலையத்தையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் இப்போதைய காவிரிப் பாலம் 1976-ஐச் சேர்ந்தது. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் 1928-இல் வந்தது. அதன் பக்கத்தில் புதிய பாலமும் தெரிந்தால் படம் அண்மைக் காலத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. தெப்பக்குளம் பக்கத்துப் படங்களில் லூர்து மாதா கோயிலின் கூர்கோபுரத்தைத் தேடுங்கள். அந்தக் கோயில் 1890-களில் எழுந்தது. கோபுரம் தெரிய வேண்டிய கோணத்திலும் அது இல்லை என்றால் படம் 19-ஆம் நூற்றாண்டுப் பக்கம் போகிறது. மரம் மறைத்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கட்டடம் உதவாதபோது எழுத்து உதவும். பெயர்ப்பலகையைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். "மலைக்கோட்டை", "நிலையம்" என்ற சொற்களில் உள்ள "லை" பழைய தும்பிக்கை வடிவத்தில் (எழுத்தின் முன்னால் யானைத் தும்பிக்கை போல் வளைந்த கொம்போடு) இருக்கிறதா, இன்றைய வடிவத்தில் இருக்கிறதா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 அக்டோபரில். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, இவற்றோடு ணொ முதல் னோ வரை ஆறு எழுத்துகள் என மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஆனால் இதில் இரண்டு பொறிகள் உண்டு. பழைய பலகையை 1990 வரை மாற்றாமல் வைத்திருந்த கடைகள் ஏராளம். ஆகவே பழைய எழுத்தை வைத்து "1978-க்கு முன்" என்று முடிவு கட்ட முடியாது. அதுபோலவே பெரியார் 1935 முதலே "குடி அரசு" இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். திராவிடர் கழகக் கொடிமேடையிலும் சுவரொட்டியிலும் புதிய எழுத்து இருப்பதால் படம் 1978-க்குப் பிந்தியது என்றாகிவிடாது. புத்தூர் பெரியார் மாளிகை இருக்கும் ஊர் என்பதால் இங்கே இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மற்ற குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலகையில் "நகராட்சி" என்றிருந்தால் பெரும்பாலும் 1994-க்கு முன். அந்த ஆண்டில்தான் திருச்சி மாநகராட்சியானது. ரயில் பெட்டியிலும் நிலையப் பொருள்களிலும் எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே) என்ற எழுத்துகள் இருந்தால், 1951 ஏப்ரலில் தென்னக ரயில்வே உருவாவதற்கு முந்தைய பொருள். வண்டி எண் "டிஎன் 45" என்று தொடங்கினால் 1989-க்குப் பிறகு. விலைப்பட்டியலில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு எழுதியது, "நயா பைசா" என்றிருந்தால் அதற்கு அடுத்த ஏழெட்டு ஆண்டுகள். படத்தின் பின்புறத்து ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் அச்சிட்டிருக்க முடியாது. ஆனால் அந்த முத்திரை பிரிண்ட் போட்ட தேதியைத்தான் சொல்லும். 1940-இல் எடுத்த நெகட்டிவிலிருந்து 1975-இல் பிரிண்ட் போட்டிருக்கலாம். சினிமா சுவரொட்டி இருந்தால் அந்தச் சினிமா வெளியான ஆண்டு கீழ் எல்லை. மறுவெளியீடுகள் அந்தக் காலத்தில் சகஜம் என்பதால் மேல் எல்லை ஆகாது.

கடைசியாக ஒன்று. நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்ட படங்கள் நிறைய உண்டு. சட்டைப் பித்தான், புடவை முந்தானை தோளில் விழும் பக்கம், கடிகார முகம், பலகை எழுத்து ஆகியவற்றைப் பார்த்து இடம் வலம் சரியா என்று உறுதி செய்தபின் மற்றதைத் தொடங்குங்கள். திரும்பிய படத்தை வைத்துக்கொண்டு தெருவைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: டேனியல் வரைந்த மலைக்கோட்டை ஓவியமும் 1858-ஆம் ஆண்டுப் புகைப்படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. "அன்றைய திருச்சி இப்படித்தான் இருந்தது" என்று போடலாமா? (ஆசிரியர், உறையூர்)

போடலாம். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே பயணம் செய்தார்கள். இங்கே வரைந்த கோட்டுப் படங்களை இங்கிலாந்து திரும்பிய பிறகே அக்வாடின்ட் அச்சுகளாக்கினார்கள் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் சாயல்களோடு எடுக்கும் அச்சு). மலையின் உருவரையும் கட்டடங்களின் இருப்பிடமும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. முன்னால் நிற்கும் ஆட்களும் மரங்களும் படத்தின் அழகுக்காக அமைக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆகவே "காவிரியிலிருந்து மலைக்கோட்டையின் தோற்றம்" என்பதற்கு அது சான்று. "1792-இல் மக்கள் இப்படி உடுத்தினார்கள்" என்பதற்குச் சான்றாகாது. குறிப்பில் வரைந்த ஆண்டு, அச்சான ஆண்டு இரண்டையும் எழுதுங்கள்.

1858-ஆம் ஆண்டுப் படங்கள் லின்னேயஸ் டிரைப் எடுத்தவை. சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த அவர் திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று தனித்தனி ஆல்பங்களாக வெளியிட்டார். மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ். அதற்கு நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும். நடந்து போனவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். கடைவீதி வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து "ஊரில் ஆளே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டும் அதிகமாக உறிஞ்சும். வானம் வெள்ளையாகிவிடும், சிவப்பு கறுத்துவிடும். கோபுரத்துக்கு என்ன வண்ணம் இருந்தது என்று அந்தப் படத்திலிருந்து சொல்ல இயலாது. வெறுமையாய்த் தெரிந்த வானத்தில் டிரைப் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டியும் வைத்தார். மேகத்தைக் கண்டு மழைக்காலம் என்று முடிவு செய்தால் தவறிப் போகும்.

பத்தாண்டு கழித்து 1867–68-இல் எட்மண்ட் லயன் தென்னாட்டுக் கோயில்களைக் கண்ணாடி நெகட்டிவில் எடுத்தார். நுண்விவரம் அவருடைய படங்களில் கூடுதல். டிரைப், லயன் இருவரும் எடுத்த ஒரே இடம் கிடைத்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் போடுங்கள். இடைப்பட்ட பத்தாண்டில் மாறியது என்ன என்பதை வாசகர் தாமே பார்த்துக்கொள்வார்.

19-ஆம் நூற்றாண்டுத் திருச்சியில் காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் வரைந்து விற்கப்பட்ட சிறு ஓவியங்களும் உண்டு. தொழில் செய்வோர், ஊர்வலங்கள், வாகனங்கள் என்று ஒரே அச்சில் பலமுறை வரையப்பட்டவை. கிடைத்தால் ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து அழுத்தாதீர்கள். வண்ணம் செதில் செதிலாக உதிரும். மேலிருந்து கேமராவில் எடுங்கள். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது.

கேள்வி: பலரிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்களை வாங்கினோம். அச்சகத்தில் "எதுவும் ஆகாது" என்கிறார்கள். எங்கே தவறு? (குடியிருப்போர் சங்கம், பொன்மலை)

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. அனுப்புகிறவரிடம் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காது. அதைவிட மூலப் படத்தை வாங்கி நீங்களே ஸ்கேன் செய்து அதே நாளில் திருப்பித் தருவது நல்லது. படத்தின் பின்புறமும் அப்போதுதான் கிடைக்கும். பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். பென்சில் கிறுக்கல், ஸ்டூடியோ முத்திரை, தபால் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அளவுக் கணக்கு எளிது. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மூன்றரைக்கு ஐந்தரை அங்குல அஞ்சலட்டையை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2100-க்கு 3300 புள்ளி. அதை ஏழுக்குப் பதினொரு அங்குலம் வரை பெரிதாக்கலாம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவை 3200 டிபிஐ-யில் எடுத்தால் பத்துக்குப் பதினைந்து அங்குலம் வரை தாங்கும். அந்தக் கால ஸ்டூடியோக்களின் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு 1600 போதும். 16 பிட் கிரேஸ்கேலில் (கறுப்பு வெள்ளைச் சாயலில்) எடுத்து, தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஆனால் பழுப்பேறிய படத்தை வண்ணத்திலேயே எடுங்கள். கறையையும் மையையும் பிரித்தறிய வண்ணம் வேண்டும். இந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். வெளிச்சம் கூட்டுவது, கீறல் நீக்குவது எல்லாம் நகலில் செய்யுங்கள்.

செய்தித்தாளிலோ மலரிலோ அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அலையலையாகக் கோடு விழும். அச்சுப் புள்ளியும் ஸ்கேனர் புள்ளியும் மோதுவதால் வருவது அது. ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை மங்கவைக்கும் "டிஸ்கிரீன்" வசதியைப் போட்டு 600-இல் எடுத்து, பிறகு பாதியாகக் குறையுங்கள். மூலப் புகைப்படத்துக்கு மட்டும் டிஸ்கிரீன் போடக் கூடாது; கூர்மை போய்விடும்.

பெரும்பாலான படங்கள் பாழாவது ஸ்கேனரில் அல்ல, அதற்கு முன்பே. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிவிடும். உரித்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். பின்னட்டையை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யலாம். 1980-களின் ஒட்டும் பக்க ஆல்பங்களில் படத்துக்கு அடியில் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை இரு கையாலும் பிடித்து மெல்ல அறுத்தபடி நகர்த்தினால் படம் வளையாமல் வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்னால் எழுதுவதற்கு மென்மையான பென்சில். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் மேடு தெரியும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வரிசை எண், இடம், உரிமையாளர் குறியீடு ஆகிய மூன்றும் போதும். "புதிய படம் 2 கடைசி" என்று வைத்தால் ஆறு மாதத்தில் யாருடைய படம் எது என்பது போய்விடும். திருப்பித் தர வேண்டிய படத்தைத் தொலைத்த குழுவுக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் படம் தர மாட்டார்கள்.

கேள்வி: பழைய பத்திரங்களில் பசலி, ஹிஜிரி, தமிழ் வருடம் மட்டும் இருக்கிறது. (வாசகர், வரகனேரி)

பசலி என்பது நில வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை 1 முதல் 1921 ஜூன் 30 வரை. ஹிஜிரியை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஓராண்டு முன்பின்னாக வரும். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா இறந்தது 1795 அக்டோபர். அது ஹிஜிரி 1210. கணக்குப் போட்டுப் பாருங்கள், பொருந்தும். அவருடைய அடக்கம் திருச்சி நத்தர்வலி தர்காவில்தான் இருக்கிறது. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். "விகாரி" என்றால் 1899–1900 ஆகலாம், 1959–60 ஆகலாம். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள்: விக்டோரியாவா, எட்வர்டா, ஜார்ஜா, அசோகச் சிங்கமா? குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: "அன்றும் இன்றும்" என்று ஒரே இடத்தைப் புதிதாகப் படமெடுத்துப் பக்கத்தில் போட ஆசை. எங்கே நின்றாலும் பொருந்த மாட்டேன் என்கிறது. (கல்லூரி மாணவர், கண்டோன்மென்ட்)

ஜூமை மாற்றி மாற்றிப் பார்ப்பதால்தான் பொருந்துவதில்லை. கோணம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்தது அல்ல. முதலில் இடத்தைப் பிடியுங்கள், லென்ஸ் பிறகு.

பழைய படத்தில் அருகில் இருக்கும் ஒரு பொருளும் தொலைவில் இருக்கும் ஒரு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடம் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். தெப்பக்குளத்தின் மேல்கரைப் படம் என்று வைத்துக்கொள்வோம். குளத்து நடு மண்டபத்தின் இடக் கோடித் தூணுக்கு நேர் பின்னால் பாறையின் எந்த மடிப்பு வருகிறது? மண்டபக் கூரை விளிம்பு பாறையின் எந்த உயரத்தை வெட்டுகிறது? முதல் கேள்வி நீங்கள் இடமோ வலமோ எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது கேள்வி கேமராவின் உயரத்தைச் சொல்லும். பழைய படக்காரர் மாடியில் நின்றாரா, படித்துறையில் நின்றாரா என்பது அதில் தெரிந்துவிடும். மலை தொலைவில், மண்டபம் அருகில் என்பதால் நீங்கள் இரண்டடி நகர்ந்தாலே தூண் வேறொரு மடிப்புக்குப் போய்விடும். அந்த நுட்பம்தான் உங்களுக்கு உதவி.

பழைய படத்தை டிரேசிங் தாளில் நகலெடுத்துக் கேமராத் திரையின் மேல் வைத்துச் சரிபார்க்கலாம். செல்பேசியாக இருந்தால் பழைய படத்தை மங்கலாக மேலே காட்டும் செயலிகள் உண்டு. இடம் கிடைத்த பின் நிழலைப் பாருங்கள். நிழல் விழும் திசையும் நீளமும் ஒத்த நேரத்தில் எடுத்தால்தான் கட்டட முகப்பு ஒரே மாதிரி துலங்கும். அதே மாதத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. குளத்தில் தண்ணீர் மட்டம்கூட ஒத்துவரும். பழைய இடத்தில் இன்று கடையோ விளம்பரப் பலகையோ மறைத்தால், பக்கத்தில் நகர்ந்து எடுத்துவிட்டு "மூல இடத்திலிருந்து பத்தடி வடக்கே" என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பத்தாண்டு கழித்து ஒப்பிடுகிறவர் தவறான முடிவுக்கு வருவார்.

கேள்வி: கோட்டை மதில் எங்கே போனது என்று வரைபடம் போட விரும்புகிறோம். (வாசகர், பாலக்கரை)

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மேலப் புலிவார்டு ரோடும் கீழப் புலிவார்டு ரோடும் அந்தத் தடத்தில் போகின்றன. மேல்புறத்து வாசலாக மெயின்கார்டு கேட் மட்டும் நிற்கிறது. ஆகவே இன்றைய தெருப்படத்தின் மேலேயே மதிலை வரைய முடியும்.

அடிப்படையாக டவுன் சர்வே படத்தை எடுங்கள். நகர எல்லைக்குள் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண் என்று ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். வளைந்து போகும் மனை எல்லைகளும் ஒரே அகலத்தில் நீளும் புறம்போக்குத் துண்டுகளும் பல இடங்களில் பழைய அகழியைக் காட்டிக் கொடுக்கும். அதன் மேல் 18-ஆம் நூற்றாண்டுப் போர்ப் படங்களைப் பொருத்துங்கள். கர்நாடகப் போர்களில் திருச்சி திரும்பத் திரும்ப முற்றுகையிடப்பட்டதால் அந்தக் கால ராணுவ வரைபடங்கள் உண்டு. பொருத்தும்போது அசையாத புள்ளிகள் குறைந்தது மூன்று வேண்டும்: மலையுச்சி, மெயின்கார்டு கேட், தெப்பக்குளம் போதும். மூன்றும் பொருந்தி மதில் மட்டும் பொருந்தவில்லை என்றால் பழைய படக்காரர் அதைக் கண்ணளவில் வரைந்திருக்கிறார் என்று பொருள். அந்தத் துண்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

அளவை "ஓர் அங்குலம் = இத்தனை அடி" என்று எழுத்தில் கொடுக்காதீர்கள். அச்சில் படத்தைச் சுருக்கியதும் அது பொய்யாகிவிடும். அளவுக்கோட்டைப் படத்துக்குள்ளேயே வரைந்தால் படத்தோடு சேர்ந்து சுருங்கும். வடக்குக் குறி கட்டாயம். பழைய தெருப்பெயர், இன்றைய பெயர் இரண்டும் கொண்ட பட்டியலை வரைபடத்தின் எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். புத்தகத்தில் அதிகம் புரட்டப்படும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: 200 படம் சேர்ந்துவிட்டது. 120 கோயில், மலைக்கோட்டை. போதும்தானே? இன்னும் தேட வேண்டுமென்றால் எங்கே தேடுவது? (வாசகர், ஸ்ரீரங்கம்)

போதாது. மலைக்கோட்டைக்குப் பன்னிரண்டு நல்ல படங்கள் போதும். திருச்சி உழைத்த ஊர். அந்த உழைப்பு உங்கள் 200-இல் எங்கே இருக்கிறது? 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் வந்தது. 1920-களின் இறுதியில் ரயில் பணிமனையே நாகையிலிருந்து பொன்மலைக்கு மாறியது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைத் தொழிலாளர்கள் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். உறையூரில் சுருட்டும் கைத்தறியும், செம்பட்டில் தோல், வீட்டுத் திண்ணையில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது, 1960-களில் திருவெறும்பூரில் பெல் (பாரத மிகுமின் நிறுவனம்). இவற்றுக்கு ஸ்டூடியோப் படம் குறைவாகவே கிடைக்கும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சுருட்டுப் பெட்டி லேபிள், சங்கத் துண்டறிக்கை, குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த கல்யாணப் படம் எல்லாமே படம்தான். தட்டையான பொருளை ஸ்கேன் செய்யுங்கள். பெட்டி, பித்தளை வில்லை போன்றவற்றைச் சாளர வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள்.

எங்கே தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ராணி மங்கம்மாள் மண்டபத்து அரசு அருங்காட்சியகம், ஜங்ஷன் அருகே ரயில்வே அருங்காட்சியகம், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம். சேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணங்கள் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ளன. 1844-இல் நாகையில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி பற்றித் தேடுவோர் அங்கேயும் பார்க்க வேண்டும். எழும்பூருக்குப் போகும்போது "திருச்சி பற்றி ஏதாவது" என்று கேட்டால் எதுவும் வராது. துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்த எண்கள் பழைய மாவட்ட மேனுவல் (1878), கெசட்டியர் (1907) ஆகியவற்றின் அடிக்குறிப்புகளிலும் நகராட்சி ஆண்டறிக்கைகளிலும் கிடைக்கும்.

கேள்வி: ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் போட ஸ்டூடியோக்காரர் அனுமதி வேண்டுமா? (வாசகி, புத்தூர்)

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சட்டப்படி முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். குடும்பத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குங்கள். ஸ்டூடியோக்காரர் தாமே எடுத்து விற்ற ஊர்க்காட்சிகள், அஞ்சலட்டைகள் அப்படியல்ல. அங்கே உரிமை அவருடையது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளோடு 60 ஆண்டு சேர்த்துக் கணக்கு. அரசு வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. டேனியல், டிரைப் படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. ஆனால் உயர்தரக் கோப்பைத் தரும் நூலகம் தனக்கென நிபந்தனை வைத்திருக்கலாம். பதிவிறக்கும் பக்கத்திலேயே படித்துவிடுங்கள்.

ஒப்புதல் தாளில் நான்கு வரி போதும்: எந்தப் படம், எந்தப் புத்தகம், மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் சேர்த்தா, பெயரை எப்படிக் குறிப்பிட வேண்டும். மின்னூலை விட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி அலைய வேண்டும்.

கேள்வி: மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டைப் படமெடுத்தால் எழுத்தே தெரியவில்லை. சுண்ணாம்புப் பொடி தடவலாமா? (வாசகர், சிந்தாமணி)

கூடவே கூடாது. பொடியோ எண்ணெயோ கல்லின் நுண்துளையில் தங்கி எழுத்தை அரிக்கும். நேர் வெளிச்சமும் ஃபிளாஷும் படத்தில் எழுத்தைத் தெரியாமல் செய்துவிடும். பக்கவாட்டிலிருந்து சுவரை ஒட்டினாற்போல் சாய்ந்த வெளிச்சம் வேண்டும்: ஒருவர் டார்ச்சை இடப்பக்கத்தில் பிடிக்க ஒன்று, மேலிருந்து பிடிக்க ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். கிடைக்கோடுகள் மேல் வெளிச்சத்திலும் செங்கோடுகள் பக்க வெளிச்சத்திலும் துலங்கும். கைக்கேமரா போதும், முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். மேல்குகை முதலாம் மகேந்திரவர்மன் எடுத்தது. அதன் தூண் கல்வெட்டுகளின் வாசகம் 1890-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தால் எந்த வரி விட்டுப்போகிறது என்று அங்கேயே தெரியும்.

கேள்வி: எந்தத் தாளில் அச்சிடுவது? மேப்லித்தோவில் சோதித்தபோது படமெல்லாம் கருத்துவிட்டது. (குழு, உறையூர்)

மேப்லித்தோ பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாள்; மையை உறிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் ஊறிப் பெருப்பதால் நிழல் பகுதி அடைத்துவிடுகிறது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோவுக்கு 133 வரித் திரை (அங்குலத்துக்கு 133 புள்ளி வரிசை), அதிகபட்சக் கருமை 90 சதவீதம், நடுச்சாயல்களை 10 முதல் 15 சதவீதம் வெளிறவைப்பது என்று அச்சகத்தில் சொல்லுங்கள். 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாளில் 175 வரி தாங்கும். பளபளக்கும் ஆர்ட் தாள் வேண்டாம். விளக்கடியில் வாசிக்கும்போது கண்ணாடி போல் மின்னி முகங்கள் மறைகின்றன.

கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு வண்ணத்தில் அச்சிட்டால் ஒரு பக்கம் பச்சையும் அடுத்த பக்கம் சிவப்பும் தட்டும். கறுப்பு மட்டும், அல்லது கறுப்போடு வெதுவெதுப்பான சாம்பல் சேர்த்து இரண்டு மை. வண்ணப் படங்களைத் தனியாகப் பதினாறு பக்கப் பாரத்தில் (ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதியில்) சேர்த்துவிட்டால் செலவு அடங்கும்.

அளவு கிரவுன் கால்பங்கு, அதாவது சுமார் ஏழேகாலுக்கு ஒன்பதரை அங்குலம். அதைவிடச் சிறிய டெம்மி அளவில் அகலப் படங்கள் குறுகி, கடைப் பலகை வாசிக்க முடியாமல் போகும். பக்கங்கள் பதினாறின் மடங்காக, 176 அல்லது 192. ஆர்ட் தாளைப் பசை பைண்டிங்கில் கட்டினால் இரண்டே கோடையில் பக்கம் கழன்று வரும். பசை அந்த வழவழப்பில் பிடிக்காது. நூல் தையல் கேளுங்கள். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மழைக்காலத்தில் புத்தகம் அலையலையாக நெளியும். இயந்திரத்தில் ஏற்றும் முன் முழுப் பாரம் ஒன்றை அதே தாளில் சோதனை அச்சுப் போடச் சொல்லி, படக்குறிப்புகளை அதில் வைத்துத் திருத்துங்கள். திரையில் பிழை தெரியாது. இடம் வலம் மாறிய படம் பெரும்பாலும் இந்தப் பாரத்தில்தான் அகப்படும்.